சென்னைக்குப் போன எழுமலைத் தீர்ப்பு

எழுமலை தவசி பதினான்கு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டினார். எந்த வண்டியையும் எங்கும் இடித்ததில்லை. அதனால் எந்த முதலாளிக்கும் அவர் பெயர் ஞாபகத்தில் நிற்கவில்லை. நாற்பத்திரண்டாவது வயதில் மதுரையில் ஒரு தனியார் வங்கியில் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு லோடு வண்டி எடுத்தார். காலையில் தக்காளி ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி. திரும்பும்போது கப்பலூரில் அட்டைப்பெட்டியோ பிளாஸ்டிக் குடமோ ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டி. வண்டியின் முன்கண்ணாடியில் ஒரே மகள் அஸ்வினியின் பெயர். அவள் மதுரையில் பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் செலவை வண்டி பார்த்துக்கொண்டது.

கடன் பத்திரம் முப்பத்தோரு பக்கம். தவசி முப்பத்தோரு இடத்தில் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டாவது ஷரத்தை அவர் படிக்கவில்லை. கையெழுத்து வாங்கியவரும் படித்ததில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

மூன்றாம் வருஷம் தக்காளி விலை படுத்தது. அதே மாதத்தில் எஞ்சினும் படுத்தது. நாலு தவணை நின்றுபோனது. ஐந்தாம் மாதம் ஆங்கிலத்தில் ஒரு பதிவுத் தபால் வந்தது. சனிக்கிழமை ஊருக்கு வந்த அஸ்வினி அதைப் படித்தாள்.

"அப்பா, நமக்கும் பேங்க்குக்கும் தகராறு வந்தா, கோர்ட்டுக்குப் போகாம நடுவர் ஒருத்தர் தீர்த்துவைப்பாராம். இருபத்திரெண்டாவது ஷரத்து. நீங்க கையெழுத்துப் போட்ருக்கீங்க."

"நல்லதுதானத்தா. கோர்ட்டுக்கு யாரு அலையுறது. ஆளு யாரு?"

"சென்னையில ஒருத்தர். பேங்க்கே வச்சிருக்கு."

"அப்ப நம்ம ஆளு?"

அஸ்வினி கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

எழுமலைப் பக்கம் வழக்குப் பேச ஒரு முறை உண்டு. வரப்புத் தகராறோ, கிணற்றுத் தண்ணீரோ, பாகப் பிரிவினையோ, எதுவானாலும் தரப்புக்கு ஓர் ஆள் வைப்பார்கள். அந்த இரண்டு பேரும் விலகிப் போய்த் தனியே பேசிவிட்டுத் திரும்பி வந்து ஒரே வாயாகச் சொல்லுவார்கள். ஒரு தரப்பு ஆளை மட்டும் வைத்துப் பேசினால் அதற்கு வழக்கு என்று பெயர் கிடையாது. வீட்டில் பேசிக்கொள்வது என்று பெயர்.

ஆகவே தவசி, சம்சாரத்தின் அண்ணன் விருமாண்டியைத் தன் ஆளாக வைத்தார். விருமாண்டி இருபத்தெட்டு வருஷமாக இப்படி உட்காருபவர். அவர் பேசிய வழக்கு ஒன்றுகூட அதற்குப் பிறகு கோர்ட்டுக்குப் போனதில்லை. போவேன் என்று சொன்னவர்களிடம் அவரே மறுபடியும் போய்ப் பேசியிருக்கிறார்.

விசாரணை வீடியோவில். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கல்லூரிக்கு லீவு போட்டு வந்திருந்த அஸ்வினி செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்தாள். தவசி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். திரையில் ஒரு கட்டத்தில் நடுவர், இன்னொன்றில் வங்கி அதிகாரி ஸ்ரீகுமார். நடுவருக்கு அன்று காலை மட்டும் அறுபது வழக்குகள்.

"முப்பத்தேழாம் நம்பர். தவசி யாரு?" என்றார் நடுவர்.

"நான்தாங்கய்யா."

"பக்கத்துல யாரு, வக்கீலா?"

"எங்க ஆளுங்கய்யா. நீங்க அவுங்க ஆளு, இவரு எங்க ஆளு."

விருமாண்டி துண்டைச் சரிசெய்துகொண்டு திரைக்கு நெருங்கி வந்தார். "வணக்கம். மாப்ள, நீயும் அந்த பேங்க்காரத் தம்பியும் செத்த நேரம் எந்திரிச்சுப் போங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிட்டுக் கூப்புடுறோம்."

"நீங்க முதல்ல வெளியே போங்க" என்றார் நடுவர்.

"நான் போயிட்டா நீங்க யாரோட பேசுவீக?"

திரை அணைந்தது. மொத்தம் நாலு நிமிஷம்.

"லைன் கட்டாயிருச்சு மாமா" என்றாள் அஸ்வினி.

"கட்டாகலத்தா. எந்திரிச்சுப் போயிட்டாரு. பேச்சுப் பாதியில ஒரு ஆளு எந்திரிச்சுப் போயிட்டா, இருக்கிற ஆளு சொல்லுறதுதான் தீர்ப்பு. நீ எழுது."

உசிலம்பட்டியிலிருந்து இருபது ரூபாய் முத்திரைத்தாள் வந்தது. விருமாண்டி சொல்லச் சொல்ல அஸ்வினி எழுதினாள். வங்கி வைத்த ஆளை நாங்கள் வைக்கவில்லை, அவர் ஒருவராகச் சொல்லும் தீர்ப்புக்கு நாங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்பது முதல் வரி. நின்ற நாலு தவணையை எட்டு மாதத்தில் கட்ட வேண்டியது, அபராத வட்டி தள்ளுபடி, வண்டி தவசியிடமே இருக்க வேண்டியது என்று தொடர்ந்தது. பணம் கேட்க அதிகாரி எழுமலைக்கு வந்தால் மத்தியானச் சாப்பாடு தவசி பொறுப்பு என்பது கடைசி வரி. தவசியும் விருமாண்டியும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே நடுவருக்குப் பதிவுத் தபாலில் போனது. பெற்றுக்கொண்டதற்கான அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது. அஸ்வினி அதைக் கோப்பில் வைத்தாள்.

ஒன்பது நாள் கழித்துச் சென்னைத் தீர்ப்பு வந்தது. எதிர்மனுதாரர் ஆஜரானார், நடுவரின் நியமனத்துக்கு ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை, முழுக் கடனையும் வட்டியோடு உடனே கட்ட வேண்டியது என்றிருந்தது.

"நம்மது முந்திருச்சு மாப்ள" என்றார் விருமாண்டி. "முந்துனதுதான் நிக்கும்."

அந்த நம்பிக்கையில் தவசி ஐந்து மாதம் நடப்புத் தவணையை மட்டும் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தக்காளி ஓட்டினார். ஆறாம் மாதம் மதுரை நீதிமன்றத்திலிருந்து அறிவிப்பு வந்தது. நடுவர் தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி வங்கி மனுப் போட்டிருந்தது. வண்டியை ஜப்தி செய்து ஏன் ஏலம் விடக்கூடாது என்று நீதிமன்றம் கேட்டிருந்தது. அன்று ராத்திரி தவசி சாப்பிடவில்லை. வண்டி போனால் மறுபடியும் அடுத்தவர் வண்டி. அஸ்வினிக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருந்தது.

தல்லாகுளத்தில் வக்கீல் மாதங்கியின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அவர் கோப்பைப் புரட்டினார்.

"இதை ரத்து பண்ணச் சொல்லி மூணு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்கு வந்திருக்கணும். ஏன் வரலை?"

"எங்க தீர்ப்பு இருந்துச்சுல்லம்மா."

"எங்க தீர்ப்புன்னா?"

அஸ்வினி முத்திரைத்தாளின் நகலை நீட்டினாள். மாதங்கி ஒரு தடவை படித்துச் சிரித்தார். இரண்டாம் தடவை சிரிக்காமல் படித்தார். அப்புறம் தபால் அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

"தவசி, ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையா வச்ச நடுவர் செல்லாதுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. தகராறு வந்ததுக்கு அப்புறம் நீங்களா எழுத்துல சம்மதிச்சாத்தான் உண்டு. நீங்க வீடியோவில வந்தீங்க, மறுப்பா ஒண்ணும் சொல்லலை, அதுவே சம்மதம்னு பேங்க் சொல்லும். நீங்க எழுத்துல குடுத்தது இது ஒண்ணுதான். இது மறுப்பு."

"இதைத்தானம்மா எங்க மச்சானும் சொன்னாரு. அப்ப எங்க தீர்ப்பு செல்லுமா?"

"அதை அப்புறம் பாக்கலாம்" என்றார் மாதங்கி.

விசாரணை அன்று தவசி வண்டியிலேயே நீதிமன்றத்துக்குப் போனார். ஜன்னல் வழியாக வண்டி தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். வங்கி வக்கீல், மாதங்கி எதிர்பார்த்ததையே சொன்னார்: வந்தார், மறுக்கவில்லை, சம்மதம். காலக்கெடு முடிந்ததையும் சொன்னார். மாதங்கி, அடிப்படையே செல்லாத தீர்ப்பை எந்தக் கட்டத்திலும் எதிர்க்கலாம் என்று சொல்லி, முத்திரைத்தாளின் நகலையும் அட்டையையும் கொடுத்தார். நீதிபதி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். மத்தியானச் சாப்பாடு வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"யாரும்மா இந்த விருமாண்டி?"

"எதிர்மனுதாரருடைய மைத்துனர்."

நீதிபதி தலையசைத்தார். பதினைந்து நாள் கழித்து உத்தரவு சொன்னார். ஒரு தரப்பு மட்டும் நியமித்த நடுவரின் தீர்ப்பை நிறைவேற்ற முடியாது, வங்கியின் மனு தள்ளுபடி, இரு தரப்பும் ஒப்பும் நடுவரிடம் வங்கி புதிதாகப் போகலாம் என்றார். அதே காரணத்தால் எழுமலைத் தீர்ப்பும் செல்லாது என்று ஒரு வரி சேர்த்தார்.

வராந்தாவில் ஸ்ரீகுமார் வந்து நின்றார். "அண்ணே, மறுபடி நடுவர் வைக்கணும். ரெண்டு பேருக்கும் பொதுவான ஆளா ஒருத்தரைச் சொல்லுங்க."

தவசி வெகுநேரம் யோசித்தார். "எனக்குச் சொந்தமில்லாத ஆளுன்னா எங்கூர்ல ஒருத்தன்தான் தம்பி இருக்கான். அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது."

"சென்னையில எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் பேங்க் ஆளுங்க" என்றார் ஸ்ரீகுமார். "நேராவே பேசிருவமா?"

பேசினார்கள். நாலு தவணையை ஆறு மாதத்தில் கட்டுவது, அபராத வட்டியில் பாதி தள்ளுபடி, வண்டி தவசியிடமே. மறுவாரம் வங்கியில் புதுப் பத்திரம் வந்தது, ஆறு பக்கம். அஸ்வினி முதல் வரியிலிருந்து வாசித்தாள். வாங்கிவைத்த டீ ஆறிப்போனது. தவசி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்தாம் பக்கத்தில் அவள் நிறுத்தினாள்.

"அப்பா, இதுலயும் நடுவர் இருக்காரு."

தவசி பேனாவை மூடினார். "யாரு வைக்கிறது?"

"ரெண்டு தரப்பும் சேர்ந்து எழுத்துல ஒத்துக்கிட்டுன்னு போட்ருக்கு."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தாள். தவசி ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

கப்பலூரில் கம்பெனி வாசலில் லோடுக்குக் காத்திருந்தபோது விருமாண்டி போன் செய்தார்.

"என்ன மாப்ள, முடிஞ்சதா?"

"முடிஞ்சது மச்சான். வண்டி நம்மகிட்டத்தான் இருக்கு."

"அதக் கேக்கல. நம்ம தீர்ப்ப ஜட்ஜு என்ன சொன்னாருன்னு நீ இன்னும் வாயத் தொறக்கவே இல்லையே."

தவசி கண்ணாடியில் இருந்த மகளின் பெயரை உள்ளிருந்து இடவலம் மாறிய எழுத்தாகப் பார்த்தார். "உங்களுதையும் சென்னைக்காரருதையும் அவரு ஒரே மாதிரித்தான் வச்சாரு மச்சான். ரெண்டும் செல்லாதுன்னுட்டாரு."



"ஓரஞ்சாரமில்லாத ஆளுதான்" என்றார் விருமாண்டி. "அடுத்த தடவை அவரையே வைப்போம்."