தோற்றவரிடம் வரம் கேட்டது

மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் கூடத்தில் எனக்கு வேலை. நீண்ட விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தால் எல்லோரும் எல்லோருக்கும் 'ஹப்பி லோங் வீக்கெண்ட்' சொல்லித்தான் பிரிவார்கள். 2009 மே மாதத்து நீண்ட விடுமுறையில், திங்கட்கிழமை, ஊரில் யுத்தம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை, "வீக்கெண்ட் எப்படி?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். "குட்" என்றேன்.

தம்பி செந்தூரன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். அவன் குரல் கேட்டு மூன்று மாதம். அதுவரை என் நாட்டைப் பற்றி யார் கேட்டாலும் வரைபடம் கீறாத குறையாக விளக்குகிறவள், அந்த வாரத்தோடு வாயை மூடிக்கொண்டேன். தோற்ற சனம் என்று யாரும் எங்களைப் பார்த்துப் பாவப்படுவது எனக்குப் பிடிக்காது. எனக்கு ரோசம் கொஞ்சம் கூடத்தான்.

என்னருகில் நின்று பொதி கட்டும் மிசாவோ ஜப்பான்காரி. ஊருக்குப் போகும் லீவுக்கு முதல்நாள், சாப்பாட்டு இடைவேளையில் தன் ஊர்க் கோயிலைப் பற்றிச் சொன்னாள். அங்கே கும்பிடப்படுகிறவர் ஒரு கொரியர். ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் போரில் நாடே அழிந்து, திரும்பிப்போக இடமில்லாமல் நின்றவர். தன்னைப்போல அகதியானவர்களைச் சேர்த்துக் காடு வெட்டித் தோட்டம் செய்தார். அழிந்த நாட்டின் பெயர்தான் கோயிலுக்கும். அவர் வழிவந்தவர்களே இன்றும் பூசை செய்கிறார்களாம்.

"அங்கே என்ன கேட்பீர்கள்?"

"பதவி உயர்வு. அரசியல்வாதிகள்கூட வருவார்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தோற்றவரிடம் போய் வெற்றி கேட்கிறார்கள். சிரித்து முடிய, பல நாட்களுக்குப் பிறகு முதுகு நிமிர்ந்த மாதிரி இருந்தது.

வேண்டுதல் எழுதிக் கோயிலில் தொங்கவிடும் சின்னப் பலகை ஒன்றை, முன்பு வாங்கி எழுதாமல் வைத்திருந்தாளாம். அதை என்னிடம் நீட்டினாள். 'செந்தூரன், அத்தம்' என்று எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லவும் வெட்கம். கிளிநொச்சியில் அர்ச்சனைக்குக் கொடுத்த பழக்கம் அப்படியே கையில் வந்துவிட்டது.

"இதில் வேண்டுதல் எங்கே?" என்றாள், எழுதியதன் அர்த்தம் கேட்ட மிசாவோ.

"பெயரும் நட்சத்திரமும் போதும். மிச்சம் கடவுளுக்குத் தெரியும்."

"இவர் கொரியர். உங்கள் நட்சத்திரமெல்லாம் இவருக்குத் தெரியாது."

வாங்கி, 'உயிரோடு வேண்டும்' என்று எழுதினேன். விலாசமும் எழுதுவது அங்கே வழக்கமாம், கேட்டாள். கிளிநொச்சி வீட்டை எழுதினேன். "நீ இங்கேயல்லவா இருக்கிறாய்?" என்றாள். கீழே, நான் இருக்கும் மில்லிக்கன் வீட்டையும் நெருக்கி எழுதினேன்.

அவள் திரும்பி வந்து சில வாரங்களில், வன்னிச் சனத்தை அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து யாருடையதோ போனில் தம்பி கதைத்தான்.

"அக்கா, நான் இருக்கிறன். அழாதேங்கோ. கூடாரத்துக்குப் பக்கத்திலை மிளகாய்க்கண்டு வைச்சனான். இப்ப அங்காலை இருக்கிற சனமும் வைக்குது."

கம்பி வேலிக்குள் தோட்டம். என் தம்பி என்ற பெருமையில் அழுகை நின்றுவிட்டது. கனடாவுக்குக் கூப்பிடுவோம் என்று வாயெடுக்கிறேன், அவன் முந்திவிட்டான்.

"விட்டவுடனை வீட்டை போய்த் திருத்தோணும். நீங்கள் எப்ப வாறியள்?"

'கனடாவுக்கு வா' என்பதை விட்டுவிட்டேன்.

"கண்டுக்குத் தண்ணி ஊத்து" என்றேன்.