மரச்சீனி லாரியில் பட்டமளிப்புக்கு

காலை ஆறரைக்குப் பாறசாலையில் பஸ் ஏறினோம். நான், தங்கை ரோசம்மா, அப்பா, எங்கள் மிஷன் சபையிலிருந்து எட்டுப் பேர். நெய்யாற்றின்கரைக்கு ஏழு மைல், ஆளுக்கு மூன்றணா. அங்கிருந்து திருவனந்தபுரம் பன்னிரண்டு மைல்.

பட்டமளிப்பு விழா மூன்று மணிக்கு. ஆனால் கருப்பு அங்கியைப் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட வேண்டும். அங்கி இல்லாவிட்டால் மேடை கிடையாது, பட்டம் தபாலில் வரும். தபாலில் வாங்கவா அவள் நாலு வருஷம் படித்தாள்? எங்கள் சபையில் பி.ஏ. முடித்த முதல் பெண் அவள்.

ஏழே காலுக்கு நெய்யாற்றின்கரையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எங்கள் ஆட்களே ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். போன வாரம் நானும் அதே கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியவள்தான். ஆனாலும் ஆத்திரம் வந்தது.

"எலே, இண்ணைக்குத்தானா உங்களுக்குப் போராட்டம்? பெண்ணு பட்டம் வாங்கப் போவுதாக்கும்!"

"யாரு, நம்ம ரோசம்மாவா? இதை முதல்லே சொல்லப்பிடாதா மக்கா?" என்று எழுந்தவர்கள், பஸ்ஸை மட்டும் விடவில்லை. பத்தரைக்கு மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதை மறித்து, எங்களைத் தூக்கி மூட்டைகள்மேல் உட்கார வைத்து, கைதட்டி அனுப்பினார்கள்.

டிரைவர் மலையாளி, தமிழும் பேசினார். "எல்லை வேணும்னு கொடி பிடிக்கியது நிங்ஙள். பட்டம் மாத்திரம் எங்ஙள் ஊரிலயோ?"

"எங்க அப்பன் கெட்டின கரமும் வரியும் அதுக்குள்ள உண்டு ஓய். வண்டிய ஓட்டும்!"

அவர் சிரித்துவிட்டார். நான் சொன்னது பொய்யில்லை. முன்பெல்லாம் இங்கே படித்தவர்களுக்கும் பட்டம் மதராஸிலிருந்துதான் வரவேண்டும். மகாராஜா காலத்தில் தனி சர்வகலாசாலை தொடங்கினார்கள். அது தொடங்கிய வருஷம்தான் என்னை ஏழாம் வகுப்போடு நிறுத்தினார்கள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாரி சர்வகலாசாலை வாசலில் நின்றது. ரோசம்மா குதித்து ஓடினாள். வெள்ளைச் சேலை முழுக்கச் செம்மண். அங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மூன்று மணி. மண்டபத்தில் எங்கள் பத்துப் பேருக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைத்தது. பெரிய அங்கி போட்ட ஒருவர் மேடையில் எழுந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்குறாவ?" என்றார் அப்பா.

"இனி ஒழுங்கா நடப்பியளாண்ணு கேக்குறாவ," என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

பட்டம் வாங்குகிறவர்கள் எல்லாரும் நின்று வாக்குக் கொடுத்தார்கள். அங்கி போட்டவர் கேட்டு, ஆட்கள் நின்று பதில் சொன்னால் எங்கள் சபைக்குப் பழக்கம் ஒன்றுதான். பத்துப் பேரும் எழுந்து, மண்டபம் அதிர "ஆமென்!" என்றோம்.

மண்டபமே சிரித்தது. மேடையில் இருந்தவரும் சிரித்தார். ரோசம்மா தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் அவள்தான் அதிகம் சிரித்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது, எங்களைத் தெரியாதவர்களும் கைதட்டினார்கள்.

ஆறு மணிக்கு மறியல் முடிந்து பஸ் ஓடியது. எல்லை எங்கே விழுந்தாலும் விழட்டும், சர்வகலாசாலைப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறிவிட்டது. கண்டக்டர் எங்களை ஆடுமாடு போலப் பின்னால் தள்ளினான். நான் திட்ட வாயைத் திறந்தேன்.

"அக்கா, நீயும்தானே வாக்குக் குடுத்த?" என்றாள் ரோசம்மா.

பாதி வழி, பாலராமபுரம் வரை பேசாமல் வந்தேன். அதற்குமேல் கண்டக்டரைச் சும்மா விடவில்லை. பட்டம் அவளுக்குத்தானே!