ஆறாவது சந்நிதிக்குப் பால்

என் தாய்மாமாவை உப்பு வாங்கிவர அனுப்பினால் தீப்பெட்டியோடு வருவார். திட்டி மறுபடி அனுப்பினால் உப்பு வந்துவிடும், தீப்பெட்டி கடையிலேயே தங்கிவிடும். அப்பாவின் குடைகள் இரண்டு அப்படித்தான் போயின. அதனால், மாமாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது என்று அம்மா சந்தோஷமாகச் சொன்ன அன்று, அப்பா மூன்றாவது குடையை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

மலாய் நாட்டுக்கு ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி நடந்தது இது. அப்பாவுக்கு ரயில்வேயில் பிட்டர் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த வீட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. மாமா ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். அத்தையும் கைக்குழந்தையும் இன்னும் அங்கே கூலிக்காரர்களின் லயத்து வீட்டில்தான் இருந்தார்கள். மூத்த குழந்தை அந்த லயத்தில்தான் காய்ச்சல் கண்டு இறந்தது. தோட்டத்திலிருந்து மாட்டுவண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

புது வேலையில் மூன்று மாதம் பார்ப்பார்கள். ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம், குடும்பத்தோடு இருக்க ஓர் அறையும் கிடைக்கும். இல்லாவிட்டால் திரும்பவும் தோட்டம்தான்.

"இந்தப் பிள்ளையையாவது ஆஸ்பத்திரி பக்கத்துல வச்சு வளக்கணும்க்கா," என்று மாமா வந்த அன்றே அம்மாவிடம் சொன்னார். அதை மட்டும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

வேலை கேட்பதற்குச் சுலபம். ஒரு வார்டில் பன்னிரண்டு கட்டில். காலையில் டாக்டரும் அவருக்கு உதவியாளரான டிரெஸ்ஸர் ஐயாவும் கட்டில் கட்டிலாக வருவார்கள். இவருக்குக் கஞ்சி, இவருக்குப் பால் மட்டும், இவருக்கு ரொட்டி, இவருக்கு இன்றிலிருந்து சோறு என்று டிரெஸ்ஸர் ஐயா சொல்லிக்கொண்டே போவார். பின்னால் போகிற மாமா அதை மனசில் வாங்கி, குசினியிலிருந்து சரியானபடி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதற்கு நடுவே கட்டில் துடைக்க வேண்டும், மலச்சட்டி எடுக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், பன்னிரண்டு பேரும் நான்கு பாஷையில் கூப்பிடுவதற்கு ஓட வேண்டும். மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இரண்டாம் வாரமே வினை வந்தது. குடல் காய்ச்சலில் கிடந்த ஒருவருக்கு மாமா சோற்றுத் தட்டை நீட்டிவிட்டார். அந்த நோய்க்காரருக்குக் குடலெல்லாம் புண்ணாக இருக்கும், ஒரு வாய் சோறு போனாலும் உயிருக்கு ஆபத்து. நல்லவேளை, டிரெஸ்ஸர் ஐயா பாய்ந்து தட்டைப் பிடுங்கிவிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தாலும் மரியாதை குறையாது.

"உமக்குத் தலைக்குள்ள என்ன காணும் கிடக்கு? இன்னொருக்கா இப்பிடி நடந்தா நீர் தோட்டத்துக்கே போகலாம்."

மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. தான் தோட்டத்துக்குப் போவதைவிட, அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்பதுதான் அவரை வாட்டியது. மறுநாளே மறதியோடு சண்டை தொடங்கிவிட்டார். விடியற்காலையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நூற்றியெட்டுத் தோப்புக்கரணம். மூன்று வேளையும் வல்லாரைக் கீரை. அவருக்கு மட்டும் தனியாக எதற்கு என்று அம்மா வீட்டுக்கே வல்லாரை சமைக்க, அப்பாவும் நானும் ஒரு பாவமும் செய்யாமல் அதைத் தின்றோம். பிறகு வேட்டி முனையில் கட்டிலுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். முடிச்செல்லாம் சரியாக இருந்தது. எந்த முடிச்சு என்ன சொல்கிறது என்பதுதான் மறந்துபோயிற்று. வேட்டியைத் துவைக்க எடுத்த அம்மா முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் உட்கார்ந்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் அந்த ஆத்திரமெல்லாம் அம்மாவுக்குப் பொங்கிவிட்டது. "கோயில் சுத்தறப்ப மட்டும் ஒரு சாமியையும் விடறதில்ல. வாசப் பிள்ளையார்லேருந்து கடைசி முனீஸ்வரர் வரைக்கும் வரிசை மாறாம கும்பிடறே. கடைக்குப் போனா உப்பு மட்டும் மறந்துபோகுதாடா ஒனக்கு?"

மாமா நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரர் சீன பாஷையில் ஏதோ திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

"அக்கா, நம்ம கோயில்ல எத்தனை சாமி?"

விரல் விட்டு எண்ணினோம். எங்கள் முருகன் கோயில் அப்போது பலகையும் தகரமும் வைத்துக் கட்டியது. சின்னக் கோயில்தான், ஆனாலும் சுற்றிவந்தால் கும்பிட்டு நிற்கிற இடம் சரியாகப் பன்னிரண்டு. முருகன் அருள் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். அப்பா மட்டும், நோயாளி பன்னிரண்டு பேராக இருந்தது ஆஸ்பத்திரிக்காரன் அருள் என்பார்.

அன்றிலிருந்து மாமாவின் மனசில் வார்டு கோயிலாகிவிட்டது. முதல் கட்டில் வாசல் பிள்ளையார். ஏழாவது சண்டிகேசர். அந்தக் கட்டிலில் இருந்த, காவல் வேலை பார்க்கும் பஞ்சாபி ஜாகாவுக்குக் காது கேட்காது, கை தட்டினால்தான் திரும்புவார், சண்டிகேசர் சந்நிதியில் நாம் கை தட்டுகிறோமே அதுபோல. ஒன்பதாவது பைரவர், அங்கே நாய் கடித்து ஒருவர் வந்து படுத்திருந்தார். பன்னிரண்டாவது முனீஸ்வரர். அங்கே கிடந்த மலாய்க்கார வண்டிக்காரர் ஓயாமல் சுருட்டுக் கேட்பாராம். டிரெஸ்ஸர் ஐயா சொல்லச் சொல்ல, மாமா மனசுக்குள் கோயிலைச் சுற்றி ஒவ்வொரு சந்நிதியிலும் ஒரு படையலை வைத்துவிட்டு வருவார். பிள்ளையாருக்குக் கஞ்சி, மயிலுக்கு ரொட்டி, முருகனுக்குச் சோறு. யாராவது குணமாகிப் போனால், "நாகர் இன்னிக்கு வீட்டுக்குப் போயிட்டாரு பாப்பா," என்பார். மறுநாள் வேறொரு நாகர் வந்துவிடுவார்.

ஒரு வாரம் தவறே இல்லை. அப்புறம் ஒருநாள் டாக்டர் வேறு வாசல் வழியாக நுழைந்து பன்னிரண்டாம் கட்டிலிலிருந்து தொடங்கிவிட்டார். மாமா திகைத்துப்போனார். கோயிலை யாராவது இடப்புறமாகச் சுற்றுவார்களா? பிறந்ததிலிருந்து செய்யாத பாவத்தை மனசுக்குள்கூட அவரால் செய்ய முடியவில்லை. டிரெஸ்ஸர் ஐயா காதில் போய், "ஐயா, பெரியவரைக் கொஞ்சம் இந்தப் பக்கமா வலம் வரச் சொல்லுங்க," என்று கெஞ்சியிருக்கிறார். டிரெஸ்ஸர் ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அன்றைக்கு மட்டும் இரண்டாம் தடவை முதல் கட்டிலிலிருந்து சொல்லிக் கொடுத்தாராம். "நாளைக்கும் டாக்டர் அந்தப் பக்கத்தாலதான் வருவார் காணும். நீர்தான் பழக வேணும்."

மாமா பழகினார். கோயிலில் பழக மனம் ஒப்பாததால் வீட்டில் பழகினார். நான் தரையில் பன்னிரண்டு புளியங்கொட்டைகளை வட்டமாக வைத்து, நடுவில் உட்கார்ந்துகொண்டு, வாயில் வந்த எண்ணைக் கூவுவேன்.

"ஒம்போது!"

"பைரவர். ரொட்டியும் டீத்தண்ணியும்."

"ரெண்டு!"

"மயிலு. கஞ்சி. உப்புக் கூடாது."

"ஆறு!"

"துர்க்கை. பாலு. பாலு மட்டுந்தான்."

ஆறாவது கட்டில்காரரை எனக்குத் தெரியும். தோளில் கம்பு வைத்து, இரண்டு பக்கமும் கூடை தொங்க, எங்கள் வீதிக்குக் காய்கறி கொண்டுவரும் சீனக் கிழவர். அப்பேக் என்று கூப்பிடுவோம். அம்மா அவரோடு தினமும் பேரம் பேசிச் சண்டை போடுவாள். சண்டை முடிந்ததும் அவர் ஒரு செங்குவாங் கிழங்கைத் தோல் உரித்து என் கையில் கொடுப்பார், கடித்தால் தண்ணீராக இனிக்கும். அவருக்குத்தான் இப்போது குடல் காய்ச்சல். மூன்று வாரமாகப் பால். அவருக்கு யாரும் இல்லை, பார்க்கவும் யாரும் வரவில்லை. மாமா பக்கத்தில் போகும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நாசி சிகிட்," என்பாராம். கொஞ்சம் சோறு. மாமாவும், "நாளைக்கு அப்பேக், நாளைக்கு," என்று கையை விடுவித்துக்கொண்டு போவாராம்.

எனக்கு என் கவலை. துர்க்கைக்குச் சோறு போட்டால் அப்பேக் வீட்டுக்குப் போவார், அப்பேக் வந்தால் செங்குவாங் வரும். தினமும் மாமா வந்ததும் வாசலிலேயே கேட்பேன். "துர்க்கைக்கு இன்னிக்கும் பாலா?"

"பாலுதான் பாப்பா."

இந்த வழியால் மாமாவுக்கு ஒரு புதுச் சங்கடமும் வந்தது. நிஜக் கோயிலுக்குப் போனாலும் சாமிக்குப் பதில் நோயாளிகள்தான் தெரிந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சந்நிதி சந்நிதியாக நின்று, கஞ்சி, ரொட்டி, பால் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா பயந்துபோய்ப் பூசாரியிடமே இது பாவமா என்று கேட்டார். கையில் கற்பூரத் தட்டோடு அவசரமாக நின்ற பூசாரி, "சொல்றதை மெதுவா சொல்லுப்பா, அர்ச்சனைப் பேரெல்லாம் எனக்குக் குழம்புது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று மாதம் முடிந்த அன்று பெரிய டாக்டர் துரையே வார்டுக்கு வந்தார். மாமாவை நடுவில் நிறுத்தி, எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாகக் கட்டில் எண்ணைக் கேட்டாராம். மாமா ஒன்றுகூடத் தவறவில்லை. டிரெஸ்ஸர் ஐயா முதுகில் தட்டி, "எழுதிவைச்ச எங்களுக்கே மறக்குது, உமக்கு மறக்கேல்லையே," என்றாராம். வேலை நிரந்தரமாயிற்று. அறையும் கிடைத்தது. அடுத்த வாரமே அத்தையையும் குழந்தையையும் கூட்டிவர ஏற்பாடு.

இவ்வளவையும் மாமா சாயங்காலம் வந்து சொன்னபோது அம்மா ஆனந்தத்தில் அழுதாள். அப்பா அலமாரியைத் திறந்து குடையை எடுத்து மாமாவிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் மாமா சிரிக்கவில்லை. "அக்கா, கொஞ்சம் சோறு இருந்தா இலையில கட்டிக் குடு. கோயிலுக்குப் போயிட்டு வரேன்," என்றார்.

"வெறுஞ்சோறா? சக்கரைப் பொங்கல் வச்சுத் தரேண்டா. நல்ல நாளு."

"வேணாங்க்கா. வெறுஞ்சோறு போதும்."

நானும் கூடப் போனேன். அப்பா கொடுத்த குடையை நான்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் எண்களைக் கூவினேன், மாமா பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போனார். கோயிலில் பிள்ளையாரிடம் நிற்கவில்லை, மயிலிடம் நிற்கவில்லை, முருகனுக்குக்கூடக் கும்பிடு போட்டபடியே நடந்தார். நேரே துர்க்கை சந்நிதிக்கு வந்து, இலையைப் பிரித்து, சோற்றை அம்மனுக்கு முன்னால் வைத்தார். இரண்டு கையாலும் அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார், சாப்பிட மாட்டேன் என்கிறவருக்குத் தள்ளி வைப்பதுபோல. அப்புறம் தூணில் சாய்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. பூசாரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

எனக்கு ஒரே பதற்றம். மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "மாமா, ஆறு! ஆறாவது துர்க்கை! பாலு மட்டுந்தான் மாமா, சோறு குடுக்கக் கூடாது!"

"தெரியும் பாப்பா," என்றார். ஆனால் சோற்றை எடுக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலமும் அப்பேக் கையைப் பிடித்துச் சோறு கேட்டதையும், மாமா மறக்காமல் பாலையே கொடுத்ததையும், காலையில் துரை ஆறாம் எண்ணைக் கேட்டபோது மாமா "காலி, ஐயா" என்று சரியாகச் சொன்னதையும் அம்மா எனக்குச் சொன்னது, நானும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு.

அன்றைக்கு நான் வீட்டுக்குள் ஓடியதுமே, மாமா செருப்பைக் கழற்றுவதற்குள், அம்மாவிடம் கோள் சொல்லிவிட்டேன். "அம்மா, மாமாவுக்கு மறுபடி மறதி வந்துடுச்சு. துர்க்கைக்குப் போயி சோறு வச்சுட்டாரு."

அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். நாளைக்கு நிச்சயம் மறுபடி வல்லாரைதான் என்று எண்ணிக்கொண்டு நான் படுக்கப் போனேன்.