ஆறு அளவு, நான்கு நிறம்

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். கும்மிடிப்பூண்டியில் ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் சரிபார்க்கும் வேலை. பெல்ட்டில் வருகிற வளையத்தில் வெடிப்பு இருந்தால் எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். எதற்கும் பதறுகிறவள் என்று இரக்கப்பட்டு, ஒரே மாதிரி வளையம் மெதுவாக வரும் பெல்ட்டில் என்னை உட்கார வைத்திருந்தார் சூப்பர்வைசர் அக்கா.

அந்த இரக்கம்தான் வினையாகிப் போனது. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் காஸை மூடினேனா, மகள் பஸ் ஏறியிருப்பாளா, லாரியோடு எளாவூர் செக்போஸ்டில் நிற்கும் வீட்டுக்காரர் சாப்பிட்டாரா என்று ஒரு சுற்று போய் வந்துவிடுவேன். யார் தும்மினாலும் திரும்பிப் பார்ப்பேன். இரண்டு வாரத்தில் மூன்று வெடிப்பு வளையங்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டன. இன்னொன்று போனால் இந்த நாற்காலி கிடையாது, அச்சு மெஷின் சூட்டில் நிற்க வேண்டியதுதான் என்றார்கள். அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் பக்கத்து மேசைக்காரி தம்பி கல்யாணத்துக்குப் பள்ளிப்பட்டு போனாள். அவள் மேசைக்கு ஆறு அளவு, நான்கு நிறம், எல்லாம் கலந்துதான் வரும். பிரிக்கவும் வேண்டும், வெடிப்பும் பார்க்க வேண்டும். வேறு ஆள் இல்லாமல் என்னை அனுப்பினார்கள். நாற்காலி இன்றோடு போச்சு என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

யாரோ தோளைத் தட்டியதும்தான் நிமிர்ந்தேன். சூப்பர்வைசர் அக்கா.

"இன்னாமா, டீ டைமே முடிஞ்சி போச்சி. பின்னாடி அத்தினி டிரம்மு உருண்டு உழுந்துச்சு, எல்லாரும் எழுந்து ஓடுனாங்க. நீ பாட்டுக்கு குந்திக்கினு கீற?"

டிரம் உருண்ட சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. நான் பிரித்துப் போட்டிருந்த தட்டுகளை அவர் இரண்டு முறை கிளறிப் பார்த்தார். ஒரு வெடிப்புகூட இல்லை. யோசித்தால், காஸ் ஞாபகமும் காலையிலிருந்து வரவில்லை. கண்ணுக்கே வேலை சரியாக இருந்தது. மனசு வெளியே போக இடமில்லை. விட்டுப்போன கவலையை எல்லாம் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து மொத்தமாகப் பட்டுத் தீர்த்தேன்.

ஐந்தாம் நாள் பக்கத்து மேசைக்காரி திரும்பி வந்தாள். அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, நான் இங்கியே இருந்துக்கிறேன். அங்க போனா திரும்பவும் உட்டுடுவேன்."

"கஷ்டமான வேலைய கேட்டு வாங்குறவள இப்பதாண்டி பாக்குறேன்," என்று சிரித்துவிட்டுச் சரி என்றார்.

கல்யாணத்துக்குப் போய் வந்தவள் அப்பாடா என்று என் பெல்ட்டில் போய் உட்கார்ந்தாள். இதுவரை அவளும் ஒரு வெடிப்பையும் விடவில்லை. அவளுக்குக் கவலைப்படத் தெரியாது.