செலண்டாரிலிருந்து மலாக்காவுக்கு: ஒரே நாளில் மூன்று வீடுகள்

தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்குக் குடிபோகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எந்த பஸ், எந்த வட்டாரம், வாடகை என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் நானும் என் மனைவி இராஜம்மாளும் வீடு தேடிப் போன நாளை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். அது புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. காட்டில் கம்யூனிஸ்டுப் போராளிகளோடு நடந்த சண்டைக்காகப் போட்ட ஊரடங்கை டவுனில் எடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்தில் மட்டும் முள்வேலியும், மாலை ஆறு மணிக்குப் பூட்டும் கேட்டும் அப்படியே இருந்தன.

நான் செலண்டாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஒரே அறை, ஒரே வாத்தியார், அறுபத்து மூன்று பிள்ளைகள். டவுன் பள்ளி ஒன்றிலிருந்து வேலைக்கு அழைத்துக் கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான்கு நாள் அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் இராஜம்மாளிடம் காட்டினேன். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை போயி வீடு பாப்போம்லா," என்றாள், அவ்வளவுதான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். முந்தைய ஆண்டு எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். வலி கண்டது மாலை ஏழு மணிக்கு. கேட்டைத் திறக்க அனுமதியும், துணைக்குக் காவல் வண்டியும் வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. பையன் அதற்கு முன்பே போய்விட்டான். அந்த இரவு முழுதும் நான் கேட்டருகே நின்றேன். நின்றேனே தவிர வேறொன்றும் செய்யவில்லை. இப்போது டவுனுக்குப் போனால், போன வருஷமே போயிருக்கலாமே என்ற கேள்வி வரும். அவளுக்கு டவுன் பிடிக்காமல் போக வேண்டும் என்று மனசுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குக் கேட் திறந்தது. செலண்டார் கடைத்தெருவுக்கு இரண்டரை மைல். தோட்டத்து லாரியில் இடம் கிடைத்தது. அங்கே பஸ் நிற்குமிடத்துச் சாலைச் சோதனையில் பெண்களைச் சோதிக்க ஒரு தமிழ் அம்மாள் இருந்தார். இராஜம்மாளின் பையிலிருந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துவிட்டார்.

"தங்கச்சி, சோறு வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு தெரியாதா? காட்டுல இருக்கிறவங்களுக்குப் போயிரும்னு சட்டம்."

"வயித்துல இருக்கிறதுக்குத்தான்கா கொண்டு போறேன்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பொட்டலத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் வரிசையில் முன்னால் விட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். ஆகவே கட்டுச்சோறு கட்டாதீர்கள், வீண். அடையாள அட்டையை மட்டும் மறக்காதீர்கள்.

பஸ் ஏழு பத்துக்கு. ஆளுக்கு எழுபது காசு. டுரியான் துங்கல் தாண்டும்வரை இரு பக்கமும் ரப்பர் மரங்கள்தாம். பிறகு தென்னை வருகிறது, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகள் வருகின்றன, காற்றில் உப்பு ஏறுகிறது. ஏறக்குறைய இருபது மைலுக்கு ஒன்றரை மணி நேரம். எட்டே முக்காலுக்கு ஆற்றோரத்தில் இறங்கினோம்.

மலாக்கா ஆறு அகலத்தில் பெரிதல்ல. எதிர்க்கரையில் நிற்பவரிடம் குரல் உயர்த்தாமலே பேசலாம். ஆனால் அந்தக் குறுகிய நீரில் எத்தனை வேலை நடக்கிறது! கரியும் காட்டுக்கழியும் ஏற்றிய தொங்காங் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. கடைகளின் பின்பக்கங்கள் நேராக ஆற்றில் இறங்குகின்றன. ஒரு சீனப் பெண் சமையலறைக் கதவைத் திறந்து படகிலிருந்தே மீன் வாங்கினாள். நீர் வற்றும் நேரத்தில் சேறு நாறும், அதையும் சொல்லிவிட வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் செக்கச்செவேலென்ற பழைய டச்சுக் கட்டடமும் மணிக்கூண்டும். இராஜம்மாள் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்க எங்கயுமே வேலி இல்லீங்களே," என்றாள்.

பூங்கா ராயா சாலையில் ஒரு தமிழர் கடையில் ஆளுக்கு மூன்று தோசையும் தேத்தண்ணியும் சாப்பிட்டோம். இருவருக்கும் எண்பது காசு. பிறகு முதல் வீட்டைப் பார்த்தோம். அதே சாலையில் துணிக்கடை மாடியில் ஓர் அறை, மாதம் இருபத்திரண்டு வெள்ளி. பின் ஜன்னலைத் திறந்தால் கீழே ஆறு. பஸ், சந்தை, பள்ளி எல்லாம் ஐந்து நிமிடம். எனக்கே பிடித்துப்போயிற்று. இராஜம்மாள் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என் கைக்கடிகாரத்தைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடந்து பாக்கணும்."

நடந்தோம். பெரிய ஆஸ்பத்திரி ஊருக்கு வடக்கே மேட்டில், நிழல் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அவள் நடையில் முப்பத்தொரு நிமிடம். வாசலில் நின்று மேலே பார்த்தாள். உள்ளே போகவில்லை. "அந்த மாடிப்படி செங்குத்தா இருக்குங்க. வலியோட எறங்க முடியாது," என்றாள். முதல் வீடு கழிந்தது.

இரண்டாவது வீடு தெங்கேராவில், கடலோரம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திரிஷா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் நாற்பது காசு. போகும் வழியில் திரிஷாக்காரரை ஆற்றுக்கு மேற்கேயுள்ள தெருக்கள் வழியாகப் போகச் சொன்னோம். ஒரே வரிசையில் பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், சீனர் கோயில். மூன்று வாசலிலும் அந்த நேரத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் மற்றவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, அவ்வளவு பழக்கம். மலாக்காவுக்கு வருகிறவர்கள் இந்தத் தெருவை நடந்தே பார்க்க வேண்டும். தெங்கேரா வீடு காற்றோட்டமானது, பதினெட்டு வெள்ளிதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு எதிர்த்திசை. அவள் இறங்கக்கூட இல்லை.

மூன்றாவது வீடு காஜா பெராங்கில், செட்டி மக்களின் கம்பத்தில். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள் இவர்கள். பேச்சு மலாய், உடை கெபாயா, கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிய தாழ்ந்த கூரை வீடுகள், சந்துக்கு ஒரு சின்னக் கோயில். வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கொண்டையில் வெள்ளி ஊசிகள், நெற்றியில் திருநீறு. அங்கே பெரிய பெண்களை 'பீபிக்' என்று அழைக்கிறார்கள். "மாசுக், மாசுக்," என்று உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தமிழ் ஒரு சொல்லும் வராது.

எனக்கு மலாய் ஓரளவு புரியும், பேச வராது. இராஜம்மாள் பால்வெட்டுக் காட்டில் மலாய்ப் பெண்களோடு வேலை பார்த்தவள், சரளமாகப் பேசுவாள். பின்னறையும் தனிச் சமையலறையும் பதினாறு வெள்ளி. பேச்சு வாடகையிலிருந்து குழந்தைக்குப் போயிற்று.

"இது முதல் பிள்ளையா?" என்று பீபிக் கேட்டார்.

நான் தலை குனிந்துகொண்டேன். இராஜம்மாள் இல்லை என்றாள். பிறகு அந்த இரவை முதலிலிருந்து கடைசி வரை மலாயில் சொல்ல ஆரம்பித்தாள். பையன் எப்படி இருந்தான், எத்தனை முறை அழுதான், எந்தத் துணியில் சுற்றினார்கள் என்றெல்லாம். தோட்டத்தில் ஒருவரிடமும் அவள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு என்னைக் காட்டிச் சொன்னாள்:

"இவர் கேட் பக்கத்துல விடிய விடிய நின்னாரு. இருட்டுல கேட்டைத் தொட்டா சுட்டுருவாங்க. உள்ள படுத்துக்கிட்டு நான் வேண்டிக்கிட்டதெல்லாம் ஒண்ணுதான், இந்த மனுசன் கத்தக் கூடாது, வேலில ஏறக் கூடாது. ஒருத்தராவது மிஞ்சணும்ல."

பீபிக் எழுந்து போய் ஒரு தட்டில் பலகாரமும் தண்ணீரும் கொண்டுவந்து அவள் முன்னே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "என் தம்பி திரிஷா ஓட்டுகிறான். வண்டி வாசலில்தான் நிற்கும். எந்த நேரமானாலும் கதவைத் தட்டு. சத்தமாகத் தட்டு."

அங்கிருந்து ஆஸ்பத்திரி வாசல் இருபத்திரண்டு நிமிடம். இந்த முறை கடிகாரத்தை நான்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திரும்பும் பஸ் மூன்றரைக்கு. ஆறு மணிக்குள் தோட்டத்துக்குள் இருந்தாக வேண்டும். அரை மணி நேரம் இருந்ததால் ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம்.

"இதையெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே," என்றேன்.

"அவுங்க கேட்டாங்க, சொன்னேன்." தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கேக்கவே இல்லீங்களே."

அது உண்மை. ஓராண்டாக அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, அவளைப் பேசவே விடாமல் இருந்திருக்கிறேன். அங்கேயே கேட்டேன். துணியில் சுற்றியிருந்த அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. பையன் யார் சாயல் என்று கேட்டேன். "உங்க சாயல், காது மட்டும் என்னுது," என்றாள். மூன்றரை பஸ்ஸைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டோம். ஓட்டுநர் பார்த்து நிறுத்தினார். மறுநாளே பள்ளிக்குச் சம்மதம் எழுதிப் போட்டேன்.

ஐப்பசியில் குடிவந்தோம். மாசியில் பெண் குழந்தை பிறந்தது, ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில். தாயும் மகளும் நலம்.

இனி உங்களுக்குச் சில சொற்கள். சந்தைக்குப் பக்கம் வேண்டுமென்றால் பூங்கா ராயா. இரைச்சலும் ஆற்று வாடையும் பழகிவிடும். கடற்காற்று வேண்டுமென்றால் தெங்கேரா. ஆஸ்பத்திரி பக்கமும் குறைந்த வாடகையும் வேண்டுமென்றால் காஜா பெராங், ஆனால் மலாய் தெரிந்திருக்க வேண்டும். வீட்டைப் பார்க்கும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள், அவர் எதை அளக்கிறார் என்று கவனியுங்கள். தோட்டத்து வீடு இனாம்தான். டவுனில் எல்லாவற்றுக்கும் காசு. எங்களுக்கு மாதக் கடைசியில் இழுபறிதான். ஆனாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு, நினைத்தபோது வீட்டை விட்டு இறங்கி, பாலம் வரை நடந்துவிட்டு வருகிறோம். படகுகளில் விளக்கு ஏற்றியிருப்பார்கள். யாரும் எங்களை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை.

வீடு பார்க்க வருகிறவர்கள் தாராளமாக எங்கள் வீட்டுக்கு வரலாம், கூடவே வந்து காட்டுகிறேன். பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை மட்டும் வேண்டாம். அப்போதுதான் மகள் தூங்குகிறாள்.