எல்லா வீட்டுக்கும் பேசிய நயினார்

மேலகரம் ஆறுமுகநயினாருக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே எந்த வீடு கைமாறினாலும் அதில் அவர் வாய் இல்லாமல் இருக்காது. அருவிக்கரையில் சுண்டல் விற்ற ஆள், வீட்டுத் தரகு பார்த்தே சொந்தமாக வீடு கட்டினார். சும்மா இல்லை, மாடியோடு. "நயினார் சொன்னா பத்திரத்தையே பார்த்த மாதிரி" என்று வக்கீல்மாரே சொல்லுவதாக அவரே சொல்லுவார்.

அறுபத்திரண்டாம் வருஷம் வைகாசியில் இலஞ்சியிலிருந்து சண்முகசுந்தரி ஆச்சி ஆள் விட்டாள். ஐந்தருவிச் சாலையில் அவள் பேரில் கணவர் பால்வண்ணநாதன் முதலாளி கட்டிய பங்களாவை விற்க வேண்டும். தேக்கு மாடி, மலையைப் பார்த்த மேலச் சன்னலில் வண்ணக் கண்ணாடி என்று ராஜா வந்து தங்கலாம், அப்படி ஒரு வீடு. முதலாளி பக்கவாதத்தில் படுத்த பிறகு வயலெல்லாம் வைத்தியத்துக்கே போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான்.

"அவுகளுக்குத் தெரியவே கூடாது அண்ணாச்சி. எந்திரிச்சு அங்க போயி உக்காரணும்ங்கிற நெனப்புலதான் உசிரு நிக்கி. ஊருக்குள்ள எங்க பேரு அடிபட்டா அவுக காதுக்கும் வந்துரும்."

"நயினார் வயித்துக்குள்ள போன சேதிய எமன் வந்தாலும் வெளிய எடுக்க முடியாது ஆச்சி."

உள்ளறையிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "யாரு, நயினாரா? சாரல் விழுந்துட்டாவே? பங்களாவுல மேலச் சன்னலச் சாத்த வேண்டாம்னு சொல்லும். நனையட்டும்."

"இன்னும் விழல மொதலாளி. விழுந்ததும் நானே வந்து சொல்லுதேன்."

வாங்க வந்தவர் செங்கோட்டை மர வியாபாரி முகம்மது மீரான். காவல்காரனிடம், சீசனுக்கு வாடகைக்குக் கேட்கிறார் என்று நயினார் அளந்துவிட்டார். உள்ளே போனதும் மீரானின் கை தன்னால் உத்தரத்தைத் தட்டிப் பார்க்கப் போனது.

"சாயிபு, கையக் கட்டிக்கிடும். வாடகைக்கு வாறவன் அடுப்பங்கரையத்தான் பாப்பான், உத்தரத்தத் தட்ட மாட்டான்."

இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

அந்த வாரமே நயினார் தென்காசி ஸ்டேஷன் பக்கம் குற்றாலிங்கத்தின் சலூனில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை. குற்றாலிங்கம் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தான்.

"மரக்கடைச் சாயிபு ஐந்தருவிப் பக்கம் பங்களா பாத்தாராமே. யாருது அண்ணாச்சி, டாக்டர் வீடா?"

"அதுல மாடி பூராக் கரையான்வே. எவன் வாங்குவான்?"

"கொழும்புக்காரர் வீடோ?"

"அண்ணந்தம்பி வழக்கு. பேரன் காலத்துலயும் தீராது."

"அப்போ இலஞ்சி மொதலாளி வீடா?"

நயினார் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னத்தில் கத்தி ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது. இந்த நாக்கையே கட்டிப்போட்டுவிட்டோமே என்ற பெருமையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

காசி விசுவநாதர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தென்காசிக்கு வந்து ஆச்சி கையெழுத்துப் போட்டாள். பத்திரம் பதிவாயிற்று. அன்று சாயங்காலம் நயினார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இலஞ்சிக்குப் போனார். மலையில் மேகம் இறங்கியிருந்தது.

"முடிச்சுட்டம்லா ஆச்சி! ஈ காக்காவுக்குத் தெரியாது."

ஆச்சி வாசலை விட்டு நகரவில்லை. "நான் அங்கன இருந்த நேரம் குற்றாலிங்கம் வழக்கம்போல இவுகளுக்குச் சவரம் பண்ண வந்திருக்கான். ‘பங்களா போனாப் போவுது மொதலாளி, ஒடம்பு தேறட்டும்’னு ஆறுதல் சொல்லிட்டுப் போயிட்டான்."

"நான் மூச்சு விடலியே ஆச்சி!"

"அதத்தான் அவனும் சொல்லுதான். கூப்புட்டுக் கேட்டேன். ‘எல்லா வீட்டுக்கும் கத பேசுன அண்ணாச்சி, இந்த வீட்டுக்கு மட்டும் வாயடைச்சுட்டாருல்லா’ங்கான்."

சுவரில் விரிசல், கிணற்றில் உப்பு என்று ஒரே ஒரு பொய் போதும். ஆயுசு பூரா எத்தனை சொல்லியிருக்கிறார்! வேண்டிய நேரத்தில் அந்த ஒன்று வாயில் வரவில்லை.

ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம் கேட்டது. சொன்ன சொல் ஒன்று பாக்கி இருந்தது. உள்ளே போனார். முதலாளி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மொதலாளி, சாரல் விழுந்துட்டு."

கட்டிலோரச் சன்னல் வழியாகத் தூறல் அவர் காலில் தெறித்துக்கொண்டிருந்தது.

"அந்தச் சன்னலச் சாத்தும்வே" என்றார். "நனையுது."