பூஜைக்குத் துடைத்த திரை

ஆயுத பூஜைக்குப் பட்டறையைத் துடைத்த கையோடு என் கம்ப்யூட்டரின் நிறத்தையும் துடைத்துவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கணபதிப் பகுதியில், லேத்தில் பம்ப் ஷாஃப்ட் கடையும் சின்னப் பட்டறை அது. கடைந்து வரும் ஷாஃப்டுகளை அளப்பது என் வேலை. கருவியை வைத்தால் அளவு தானாகவே கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல் ஷீட்டுக்குப் போய்விடும். சரியென்றால் கட்டம் பச்சை, தப்பென்றால் சிவப்பு. எண்ணைப் படிக்க நேரம் இருக்காது, நிறத்தைப் பார்த்துத்தான் பிரிப்போம். எனக்கோ பிறவியிலிருந்தே இரண்டும் ஒரே பழுப்பு. எங்களைப் போன்றவர்களுக்காகவே கம்ப்யூட்டர் செட்டிங்கில் ஒரு கலர் ஃபில்டர் இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டும் பிரிந்து தெரியும். மற்றவர்களுக்குத்தான் திரை சாயம் போன துணி மாதிரி இருக்கும். மூன்று வருடம் அப்படி ஓட்டினேன், ஒரு ஷாஃப்ட்கூடத் தவறிப் போனதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் இதற்கு முன் நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும். அங்கே சொன்னேன். அன்றிலிருந்து டீ நேரத்தில் ஆளாளுக்குத் தன் சட்டையை இழுத்துக் காட்டி, இது என்ன கலருங்க என்று கேட்டார்கள். 'ங்க' போட்டுத்தான் கேட்டார்கள். சிரிப்பில்தான் மரியாதை இல்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு நின்றுவிட்டேன்.

பூஜை முடிந்து பட்டறை திறந்த காலை. திரையின் மேல் ஓரத்தில் சந்தனம், குங்குமம். முதல் லாட் ஷாஃப்டுகளை அளந்து முடித்துப் பார்த்தால் கட்டங்கள் எல்லாம் ஒரே நிறம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பூஜைக்குப் பின் வரும் முதல் லாட்டில் கழிவு விழக்கூடாது என்று பட்டறையே வேண்டிக்கொண்டிருந்தது, நானும்தான். ஒரே நிறத்தைக் கண்டதும் மனம் குளிர்ந்து, அத்தனையும் சுத்தம் என்று முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கற்பூரம் காட்டி உடனே வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

மூன்றாம் நாள் லாட் மொத்தமும் திரும்பி வந்தது. முதலாளி கம்ப்யூட்டரில் அந்த ஷீட்டைத் திறந்து காட்டச் சொன்னார். பின்னால் நின்று பார்த்த எல்லோருக்கும் அதில் சிவப்பு தெரிந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அதற்கு மேல் மறைக்க முடியாமல், கண்ணைப் பற்றியும் ஃபில்டரைப் பற்றியும் சொன்னேன்.

ஆபீஸைக் கவனிக்கும் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "கலரே ஒரு மாதிரி மங்கிக் கெடந்துதுங்க தம்பி. பூஜை நாளும் அதுவுமா இப்படி இருக்குதேன்னு நாந்தான் செட்டிங்குல போய்ச் சரி பண்ணிப்போட்டேன்."

நல்ல மனசு. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. பக்கத்து மேஜையில் இருக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதலாளி கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. "பரவால்ல உடு கண்ணு. இனி பேக்கிங் பக்கம் பாத்துக்கோ" என்றார். மூன்று வருட வேலை ஒரு 'கண்ணு'வோடு போயிற்று.

நிறத்தோடு 'சரி', 'தப்பு' என்று எழுத்திலும் வரவைத்தால் போதும் என்றேன். ஒருத்தருக்காக ஷீட்டையே மாற்றுவதா என்று இழுத்தார்.

"என்னைக் கேக்காம மாத்துறப்ப யாரும் ரோசிக்கலீங்களே" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

பதிலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்து நானே மாற்றினேன். கட்டங்களுக்குப் பக்கத்தில் வரிசையாகச் சரி, சரி, தப்பு என்று வந்து நின்றது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தனக்கும் இதுதான் படிக்க வாட்டமாக இருக்கிறது என்றார். பேக்கிங் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிட வேலையைக் கேட்கத் தோன்றாமல்தான் முந்தைய வேலையை விட்டேன், கேட்கப் பயந்துதான் இங்கே மூன்று வருடம் ஒளிந்து கிடந்தேன். அக்கா மேல் கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. என் மேல் இருப்பதுதான் இன்னும் தீரவில்லை.